சந்தை இல்லாமல் திட்டமிட முடியுமா? கோத்தகிரிப் பக்கத்து ஆலை ஒன்றின் முறை அட்டவணை

சந்தை விலையின் துணை இல்லாமல், மக்கள் கூடிப் பேசி எடுக்கும் முடிவுகளாலேயே ஒரு பொருளாதாரத்தை நடத்த முடியுமா? இந்த வாதத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1920-இல் ஆஸ்திரியப் பொருளியலாளர் லுட்விக் ஃபான் மீசஸ் முடியாது என்றார். உற்பத்திக் கருவிகளுக்கு விலை இல்லையென்றால் எது லாபம், எது விரயம் என்று கணக்கிடவே வழியில்லை என்பது அவர் வாதம். 1930-களில் போலந்துக்காரரான ஆஸ்கர் லாங்கே, திட்டக் குழுவே விலையை ஏற்றியும் இறக்கியும் பார்த்துச் சரியான இடத்துக்கு வந்துவிடலாம் என்று பதில் சொன்னார். 1945-இல் இன்னொரு பொருளியலாளர் ஹாயெக் கேள்வியையே வேறு பக்கம் திருப்பினார். கணக்குப் போடுவது சிக்கலே அல்ல. கணக்குக்கு வேண்டிய தகவல் ஆயிரமாயிரம் பேரிடம் சிதறிக் கிடக்கிறது, அதை ஓர் இடத்தில் திரட்ட முடியாது என்றார்.

வாதத்தை வாதமாகவே படித்துக்கொண்டிருந்தால் எந்தப் பக்கமும் சாயலாம். அதனால் கோத்தகிரிப் பக்கம் இருக்கும் ஒரு கூட்டுறவுத் தேயிலை ஆலையை வைத்து இதைப் பார்க்கிறேன். எங்கள் ஒன்றரை ஏக்கர் இலையும் அங்கேதான் போகிறது. ஆலையின் பெயர் இங்கே தேவையில்லை, இதே கதை மஞ்சூரிலும் கிண்ணக்கொரையிலும் நடந்திருக்கலாம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆலையில் தயாராகும் தேயிலைத்தூள் ஏலத்துக்குத்தான் போகிறது, ஆகவே இது சந்தைக்கு முழுக்க வெளியே நிற்கும் அமைப்பு இல்லை. ஆனால் ஆலை கேட்டுக்கு உள்ளே, யாருடைய இலை எந்த நாளில் வரும், யாருக்கு எவ்வளவு இடம் என்ற முடிவுகளில் சந்தைக்கு வேலையில்லை. உள்ளே திட்டம், வெளியே சந்தை. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட இப்படி ஓர் இடம்தான் வேண்டும்.

மலைக்குத் திட்டம் புதிதல்ல

1961-இல் நீலகிரி உருளைக்கிழங்கில் வேரைத் தாக்கும் தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் சிறு விவசாயிகள் பலர் தேயிலைக்கு மாறினார்கள். உருளையைத் தோண்டியெடுத்து மூட்டை கட்டி நல்ல விலைக்குக் காத்திருக்கலாம், தேயிலையில் அது நடக்காது. பறித்த பச்சை இலை சில மணி நேரத்தில் ஆலைக்குப் போயாக வேண்டும். சாக்கிலேயே கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும், அதற்குப் பிறகு அது வெறும் குப்பை. சொந்தமாக ஆலை இல்லாத விவசாயி, இலையைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசவே முடியாது. கூட்டுறவு ஆலைகள் பிறந்தது இந்த நெருக்கடியில்தான். 1960-களின் தொடக்கத்தில் குந்தாவில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக வந்தன. 1965-இல் அவற்றின் கூட்டமைப்பாக இன்கோசர்வ் உருவானது. இன்று அதன்கீழ் 16 ஆலைகள் இருக்கின்றன, உறுப்பினர்கள் ஏறக்குறைய 30,000 பேர்.

நீலகிரித் தேயிலைக்கு இன்னொரு திட்டத்தோடும் நீண்ட உறவு உண்டு. அந்தத் திட்டம் போடப்பட்டது மாஸ்கோவில். 1953-இல் போட்ட இந்திய-சோவியத் வணிக ஒப்பந்தத்துக்குப் பிறகு சோவியத் நாடு ரூபாயிலேயே தேயிலை வாங்கியது, 1980-களில் நம் தேயிலையின் மிகப் பெரிய வாடிக்கையாளரே அவர்கள்தான். வாங்கும் அளவை அவர்களுடைய திட்டம் தீர்மானித்தது. குன்னூர் ஏலத்தில் இலை எப்படி இருந்தாலும் விற்றுப்போன காலம் என்று பெரியவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுவார்கள். முற்றிய இலையைப் பறித்தாலும் காசு வந்தது, எடைதான் கணக்கு. 1991-இல் சோவியத் கலைந்தது. 1998-இல் ரூபிள் நெருக்கடி. இலங்கையோடு போட்ட தடையற்ற வணிக ஒப்பந்தம் 2000-இல் நடைமுறைக்கு வந்தது. 1998-இல் நல்ல விலைக்குப் போன பச்சை இலை, அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விலைக்கு இறங்கியது. பிள்ளைகளின் படிப்பை நிறுத்திய குடும்பங்கள் உண்டு, நகையை அடகு வைத்து மீட்காமலே போன குடும்பங்களும் உண்டு.

சோவியத் கொள்முதல் ஒரு பெரிய திட்டம். ஆனால் அதில் கோத்தகிரி விவசாயிக்கும் பேச இடமில்லை, அந்தத் தேநீரைக் குடித்தவருக்கும் இல்லை. குடித்தவர் 'இது சரியில்லை' என்று சொல்லியிருந்தாலும் அந்தச் சொல் இங்கே வந்து சேர வழி கிடையாது. முப்பது, நாற்பது ஆண்டுகளாக வராத அந்தத் தகவல் ஒரே நாளில் விலைச் சரிவாக வந்து இறங்கியது. திட்டம் தோற்றது என்பது பாதி உண்மைதான். வாயில்லாத திட்டம் தோற்றது என்பதே என் கணிப்பு.

இலை குவிந்த மாதங்கள்

இனி ஆலைக்கு வருவோம். ஏப்ரல் மழைக்குப் பிறகு ஜூன் வரையும், பிறகு செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் இலை குவியும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து செடி கருகிக் கிடக்கும். பச்சை இலையைப் பரப்பி வாட்டும் ஆலைத் தொட்டிகளும் உலர்த்தியும் ஆண்டு முழுக்க ஒரே அளவுதான். இலை குவியும் மாதங்களில் தொட்டியில் இடமிருக்காது, லாரி வரிசையில் நிற்கும், கடைசியாக வந்தவரின் இலை சாக்கிலேயே வெந்துபோகும்.

இதே நெருக்கடியைத் தனியார் ஆலைகள் சந்தை முறையில் தீர்க்கின்றன. விலையைக் குறைப்பார்கள், இரண்டு நாள் 'லீவு' விடுவார்கள், இலை வாங்கும் ஏஜெண்ட் போனை எடுக்க மாட்டார். யார் இலை நிற்கும், யார் இலை போகும் என்பது ஏஜெண்டோடு யாருக்குப் பழக்கம் என்பதைப் பொறுத்தது. பாடநூல் சொல்லும் சந்தை இது இல்லை என்று ஒருவர் சொல்லலாம். இந்த மலையில் இருக்கும் சந்தை இதுதான்.

கூட்டுறவு ஆலையில் உறுப்பினர்களே கூடி ஓர் அட்டவணை போட்டார்கள். ஹட்டிவாரியாக, அதாவது படகர் சிற்றூர்வாரியாக, பறிப்பு நாட்கள் பிரிக்கப்பட்டன. திங்களும் வியாழனும் மேல் ஹட்டிகள், செவ்வாயும் வெள்ளியும் கீழ் ஹட்டிகள் என்கிற மாதிரி. தாள் ஒன்றுதான், ஆனால் அதற்குப் பின்னால் பல ராத்திரிகளின் பேச்சு இருக்கிறது. மேல் ஹட்டியில் குளிர் அதிகம், இலை மெதுவாக விடும், அங்கே பறிப்புச் சுற்று நீளம். கீழே வெயில் நன்றாக விழுவதால் பத்து நாளில் பறிக்காவிட்டால் முற்றிவிடும். இதையெல்லாம் எந்த அதிகாரியும் அறைக்குள் உட்கார்ந்து எழுதியிருக்க முடியாது. ஹாயெக் சொன்ன சிதறிய தகவல் இதுதான். அது சமுதாயக் கூடத்துக்கு வந்தது, விலை எதுவும் அதைக் கூட்டி வரவில்லை. தன் காட்டை, அதாவது தேயிலைத் தோட்டத்தை, பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் வாய்விட்டுப் பேசினார்கள், அவ்வளவுதான்.

அட்டவணையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி முறை மாற்றிக்கொள்வது. ஒரு ஹட்டியில் சாவு விழுந்தால் அன்று அங்கே யாரும் காட்டுக்குப் போக மாட்டார்கள். அந்த ஹட்டியின் முறையைப் பக்கத்து ஹட்டி எடுத்துக்கொள்ளும், பிறகு தன் முறை ஒன்றை விட்டுக்கொடுக்கும். எழுத்து எதுவும் கிடையாது, அட்டவணைத் தாளின் ஓரத்தில் எடைக்காரர் போடும் பென்சில் குறிதான் சாட்சி. ஒருமுறை இலை உச்சத்தில் இருந்தபோது, கொஞ்சம் பெரிய காடு வைத்திருப்பவர் ஒருவர் இன்னொருவரின் முறையைக் காசு கொடுத்து வாங்க முன்வந்தார். கொடுப்பவருக்கும் சம்மதம். கூட்டம் அதை ஏற்கவில்லை. வயதான உறுப்பினர் ஒருவர் சொன்ன காரணம்: "இன்னைக்கு அவரு வாங்குவாரு தம்பி. அடுத்த வருசம் முறையே காசு இருக்கறவங்க கையிலதான் இருக்கும்."

லெனின்கிராட்டில் ஒட்டுப்பலகை ஆலைக்கு இயந்திர நேரத்தைப் பங்கிடக் கணக்குப் போட்டவர் சோவியத் கணித அறிஞர் லியோனிட் கான்டரோவிச். 1939-இல் வெளியான அந்த வேலையிலிருந்து வளர்ந்த கணிதத்துக்காக 1975-இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் கண்டது ஒரு முக்கியமான விஷயம்: சந்தையே இல்லாவிட்டாலும், தட்டுப்பாடான ஒவ்வொன்றுக்கும் கணக்குக்குள் ஒரு மதிப்பு தானாக எழுந்து வரும். எங்கள் ஆலையில் தட்டுப்பாடு தொட்டி இடத்துக்குத்தான். அதன் மதிப்பு உச்ச மாதத்தில் ஏறுகிறது, பனிக்காலத்தில் பூஜ்யமாகிறது. முறைக்குக் காசு தர ஒருவர் முன்வந்தபோது அந்த மதிப்பு வெளியே தெரிந்தது. மதிப்பு பொய் என்று கூட்டம் சொல்லவில்லை. அதை விற்பனைப் பொருளாக்க வேண்டாம் என்றுதான் சொன்னது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் விவகாரம் முழுவதும் இருக்கிறது என்பேன்.

அளவைப் பொறுத்தவரை அட்டவணை வேலை செய்தது. லாரி வரிசை குறைந்தது, வெந்த இலை குறைந்தது. எந்த ஹட்டியும் தனக்கு அநியாயம் நடந்ததாகச் சொல்லி வெளியேறவில்லை.

தரத்தில் விழுந்த ஓட்டை

ஒரு கேள்வியை மட்டும் கூட்டம் தொடவில்லை. எல்லா இலைக்கும் ஒரே விலை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கொண்டுவந்தவருக்கும், கத்தரி போட்டுத் தண்டோடு அள்ளிக் கொண்டுவந்தவருக்கும் கிலோவுக்கு அதே ரூபாய். கத்தரி போட்டால் எடை கூடும், கூலி குறையும். கணக்குத் தெரிந்தவர் என்ன செய்வார்? நல்ல இலை பறித்தவர்கள் சத்தமில்லாமல் ஏஜெண்ட் பக்கம் போனார்கள், அவர் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகத் தந்தார். முற்றிய கரட்டு இலை கூட்டுறவுக்கு வந்தது. தூளின் தரம் இறங்கியது, ஏலத்தில் விலை இறங்கியது, உறுப்பினருக்குத் தரும் விலையும் இறங்கியது. அதைப் பார்த்து இன்னும் சிலர் வெளியேறினார்கள். மாஸ்கோவுக்கு விற்ற காலத்துச் சிக்கலே சிறிய அளவில் திரும்பவும் வந்து நின்றது.

சந்தையை நம்புகிறவர் இந்த இடத்தில் "பார்த்தீர்களா" என்பார். அவருக்கு நான் காட்டுவது மாவட்ட சராசரி விலையை. 2003-ஆம் ஆண்டின் தேயிலைச் சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணையின்படி, ஏல விலையை அடிப்படையாக வைத்துப் பச்சை இலைக்கு மாதாமாதம் ஒரு சராசரி விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கிறது. விற்பனை வருவாயில் விவசாயிக்கு 65 பங்கு, ஆலைக்கு 35 பங்கு. தூள் சராசரியாக கிலோ 100 ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். 65-ஐ நாலரையால் வகுத்தால் கிலோவுக்கு 14 ரூபாய் சொச்சம். இந்தக் கணக்கில் என் இலை எங்கே இருக்கிறது? ஏலத்தில் தரத்துக்குத் தரம் விலை மாறுகிறது, அது உண்மை. ஆனால் அந்தச் செய்தி ஆலை வாசலில் சராசரியாகிவிடுகிறது. ஏஜெண்ட் தரும் ஒரு ரூபாய்தான் சிறு விவசாயியை வந்தடையும் தரச் செய்தி, அதுவும் இலை குறைவான மாதங்களில் மட்டும். சந்தை தகவலைச் சுமந்து வருகிறது என்ற வாதம் குன்னூர் ஏல அறை வரைக்கும் சரி. அங்கிருந்து கோத்தகிரிக் காட்டுக்கு அது வந்து சேர்வதில்லை.

ஆலை கண்ட தீர்வு எளிமையானது. எடை போடும் இடத்தில் ஒவ்வொரு சாக்கிலிருந்தும் ஒரு கைப்பிடி இலையை எடுத்து, கொழுந்து எவ்வளவு, முற்றியது எவ்வளவு என்று பிரித்து நிறுக்க வேண்டும். தரம் பிரிப்பவர் அந்த ஹட்டிக்காரராக இருக்கக் கூடாது, வேறு ஹட்டியிலிருந்து முறை வைத்து வர வேண்டும். முடிவு கரும்பலகையில் எழுதப்படும். தரத்துக்கு ஏற்ற விலை வித்தியாசம் எவ்வளவு என்பதைக் கூட்டம் முடிவு செய்யும்.

சொல்வதற்கு எளிது. செய்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். மாமன் மகன் கொண்டுவந்த சாக்கைப் பிரித்து, "இதுல பாதி கரடு" என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் இரண்டு பேர் அந்த வேலையை விட்டுவிட்டார்கள். ஒரு கல்யாண வீட்டில் பேச்சு நின்றுபோனது. திட்டத்துக்குக் கணினி போதுமா என்று பேசுகிறோம். 1971 முதல் 1973 வரை சிலியில் அயேந்தே அரசு பிரிட்டிஷ் மேலாண்மை அறிஞர் ஸ்டாஃபோர்ட் பியரைக் கொண்டு, தட்டச்சுச் செய்தி அனுப்பும் டெலக்ஸ் வழியாக ஆலைகளை இணைத்துப் பார்த்தது, ராணுவக் கவிழ்ப்போடு அது முடிந்தது. அன்று டெலக்ஸில் முடியாதது இன்று எங்கள் எடைக்காரரின் செல்போனில் முடியும். ஆனால் உறவினரின் சாக்கைக் கரடு என்று சொல்லும் துணிவு செல்போனில் வராது. அதைக் கூட்டம்தான் தர வேண்டும், சொன்னவரோடு கூட்டம் நிற்கவும் வேண்டும். அந்த ஆலையில் தலைமையில் இருந்தவர்கள் முதலில் தங்கள் சாக்குகளைப் பிரிக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு நின்றது.

கேட்கப்படாதவர்கள்

சாக்கில் கரடு ஏன் வருகிறது என்று உண்மையில் தெரிந்தவர் நில உரிமையாளர் இல்லை, பறிக்கிற பெண். எங்கள் காட்டில் பறிக்க வரும் அக்கா, சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். தரப் பரிசோதனை வந்த பிறகு அவரிடம் கேட்டேன். "கிலோவுக்குத்தானே கூலி குடுக்குறீங்க தம்பி. கொழுந்து மட்டும் கிள்ளுனா எனக்குப் பாதிக் கூலி. கரடு வேணாம்னா கூலிக் கணக்க மாத்துங்க." ஓர் ஆண்டுக்கு மேலாக நாங்கள் கூடிக் கூடிப் பேசியதன் விடை அவரிடம் இருந்தது. அவர் கூட்டத்தில் இல்லை, ஏனென்றால் அவர் உறுப்பினர் இல்லை. நிலம் இருந்தால்தான் உறுப்பினர். பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருப்பதால், சொந்தக் காட்டில் பறிக்கும் ஹட்டிப் பெண்களிலும் பலருக்கு ஓட்டு இல்லை. இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் பறிக்க வருகிறவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஹாயெக்குக்கு நான் சொல்லும் பதில் இதிலிருந்துதான் வருகிறது. தகவல் சிதறிக் கிடக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அக்காவின் விரல் நுனியில் இருக்கும் தகவலைச் சந்தையும் கேட்கவில்லை, கூட்டுறவும் கேட்கவில்லை. சந்தை அவருக்கு ஒரு கிலோக் கூலியைக் காட்டி, அதன் வழியே தவறான செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தது. கூட்டுறவு அவரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியது. ஜனநாயகத் திட்டமிடல் தோற்கிறது என்று சொல்லும் முன், ஜனநாயகம் யார்வரை போயிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

இதே குறையைப் பெரிய அளவில் டான்டீயில், அதாவது அரசின் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தில், காணலாம். இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தர 1968-இல் வனத்துறை தொடங்கியது அது, 1976-இல் நிறுவனமானது. நோக்கத்தில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் திட்டமிட்டது அரசு, வாழ்ந்தது தொழிலாளி. நட்டம் கூடியபோது 2022-இல் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பித் தரும் முடிவும் மேலிருந்துதான் வந்தது. கூட்டுறவுச் சங்கங்களுக்கும் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் ஆட்சியில் கிடந்த ஆண்டுகள் உண்டு. அந்த ஆண்டுகளின் நட்டத்தைக் காட்டி ஜனநாயகத் திட்டம் வேலைக்காகாது என்று சொல்வது நேர்மையில்லை.

எனக்குப் பட்டது

ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு நாளும் நாடு முழுக்கக் கூட்டம் போட்டுச் சந்தையை அறவே இல்லாமலாக்கலாம் என்று நான் நம்பவில்லை. அமெரிக்கச் சிந்தனையாளர்களான மைக்கேல் ஆல்பர்ட்டும் ராபின் ஹானெலும் உற்பத்தியாளர் மன்றங்களும் நுகர்வோர் மன்றங்களும் சுற்றுச் சுற்றாகக் கோரிக்கை அனுப்பித் திருத்திக்கொள்ளும் முறை ஒன்றை வகுத்தார்கள். அந்தச் சுற்றுகளில் உட்கார நேரம் வேண்டும், அந்த நேரம் பறிக்கப் போகிறவருக்குக் கிடைப்பதே இல்லை. நாள்கூலிக்காரர் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலியைக் கூட்டம் தர வேண்டும்.

பிரிட்டிஷ் பொருளியலாளர் பேட் டிவைன் 1988-இல் முன்வைத்த பிரிப்பு எனக்கு நெருக்கமாகப் படுகிறது. இருக்கும் ஆலையில் செய்த பொருளை விற்பதும் வாங்குவதும் இருக்கட்டும், அது தரத்தைப் பற்றி வெளியார் சொல்லும் சேதியைக் கொண்டுவரும். ஆனால் புதிய ஆலை எங்கே வேண்டும், எது மூட வேண்டும், எந்தக் காடு தேயிலையிலிருந்து மாற வேண்டும் என்ற முதலீட்டு முடிவுகளைச் சந்தை ஓட்டத்துக்கு விடாமல், பாதிக்கப்படுகிற எல்லோரும் பேசித் தீர்மானிக்கட்டும் என்றார். நீலகிரியில் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் ஆலைகள் ஒரே இலைக்குப் போட்டி போட்டு முளைத்தன. பனிக்காலத்தில் பாதி இயந்திரம் சும்மா நிற்கிறது, உச்ச மாதத்தில் இடம் போதவில்லை. அந்த முடிவுகளைத் தனித்தனியாக எடுத்தவர்கள் எல்லோரும் விலையைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். அட்டவணை போட்ட அந்தக் கூட்டத்திடம் ஆலைகளின் எண்ணிக்கையை விட்டிருந்தால் இப்படி நடந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

ரேஷன் கடையில் போகும் ஊட்டி டீயையும் இதோடு சேர்க்க வேண்டும். கூட்டுறவு ஆலைகளின் தூளுக்கு ஏலத்துக்கு வெளியே அது ஒரு நிலையான வழி. ஆனால் அதைக் குடிக்கிற மதுரைக்காரருக்கும் திருவாரூர்க்காரருக்கும் தூள் எப்படி இருக்கிறது என்று ஆலைக்குச் சொல்ல இன்னும் வழியில்லை. சோவியத்துக்கு விற்றபோது அறுந்துகிடந்த அதே நூல். ரேஷன் கடைப் பில்லில் ஆலையின் எண்ணும் புகார் சொல்ல ஒரு வழியும் இருந்தால், அந்தச் சேதிக்கு ஏலம் தேவைப்படாது.

ஆலையில் இப்போது பேசப்படுவது இரண்டு தீர்மானங்கள். பறிப்புக் கூலியைக் கிலோவோடு தரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவது ஒன்று. அதற்கு உறுப்பினர்களிடம் பெரிய எதிர்ப்பில்லை. மற்றது பறிக்கிற பெண்களைப் பேசவும் ஓட்டுப்போடவும் உரிமையுள்ள உறுப்பினர்களாகச் சேர்ப்பது; அதற்குத் துணைவிதியைத் திருத்த வேண்டும், கூட்டுறவுச் சட்டப்படி பதிவாளரின் ஒப்புதலும் வேண்டும். நிலமில்லாதவர் நில உரிமையாளர் சங்கத்தில் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த பொதுக்குழுவில் இரண்டாவது தீர்மானத்துக்கு ஆதரவாக நான் கை தூக்குவேன், மற்ற உறுப்பினர்களிடமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.